வாசகர் கேள்வி பதில்: எந்த ஊர் ஸ்பானிஷ் பிடிக்கும்?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "ஸ்பானிஷிலேயே கரீபியக் கரையோரத்து ஸ்பானிஷ்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு மட்டும் இத்தனை கடிதங்கள். மொழி படிக்கிறவர்கள், கால்பந்து பார்க்கிறவர்கள், கப்பலில் வேலை செய்கிறவர் ஒருவர், பேரனுக்காகக் கேட்கும் ஒரு தாத்தா. அதனால் இந்த முறை இது ஒன்றுதான் பேச்சு. புதிதாகப் படிப்பவர்களுக்காக: சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஆறு வருடம், ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் வேலை பார்த்தேன். இரவு ஷிஃப்ட். ஒரே இரவில் மெக்ஸிகோ, லிமா, சான் ஹுவான், புவெனோஸ் அய்ரெஸ் எல்லாம் காதுக்குள் வந்து போகும். முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

கேள்வி: எங்கள் ஸ்பானிஷ் வகுப்பில், ஸ்பெயின் நாட்டு ஸ்பானிஷ்தான் சுத்தம், அதிலும் வாயாதோலித் நகரத்துப் பேச்சுதான் முதல் தரம் என்கிறார்கள். கரீபியக்காரர்கள் பாதி எழுத்தை விழுங்கிவிடுவார்களாம். அதைப் போய் எப்படிப் பிடிக்கும் என்கிறீர்கள்?
*கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்*

பதில்: விழுங்குகிறார்கள் என்பது உண்மைதான். நண்பர்கள் என்பதற்கு எழுத்துப்படி "லோஸ் அமீகோஸ்". கொலம்பியாவின் கரீபியக் கரையில் அது "லோஹ் அமீகோ". மீனுக்கு "பெஸ்காதோ", அங்கே "பெஹ்காவ்". ரொட்டிக்கு "பான்", அங்கே "பாங்". நானும் உங்களைப் போல வட ஸ்பெயின் உச்சரிப்பில்தான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பர்ராங்கீயா நகரத்திலிருந்து ஒரு வயதான அம்மா கூப்பிட்டார். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை, "மி ஆமோர், தே லோ தீகோ தெஹ்பாசியோ", கண்ணு, மெதுவா சொல்றேன் கேளு என்று ஆரம்பித்தார். அவர் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அந்த "ஸ்" வரவில்லை, ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மூச்சு இருந்தது, கண்ணாடியில் ஊதுகிற மாதிரி. எழுத்து காணாமல் போகவில்லை, மூச்சாக மாறியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மூச்சைக் கேட்கப் பழகிய பிறகு வட ஸ்பெயினின் "ஸ்" எனக்குக் கொஞ்சம் கரகரப்பாகவே கேட்க ஆரம்பித்தது, இன்றைக்கும் அப்படித்தான்.

சரி, அந்த மூச்சு எங்கிருந்து வந்தது? ஸ்பெயினிலிருந்தேதான். 1503இல் அமெரிக்க வணிகத்துக்கான அரசு அலுவலகத்தை செவிய்யா நகரத்தில் வைத்தார்கள். அதற்கப்புறம் இரண்டு நூற்றாண்டுக்கு மேல், கடல் கடந்து போகிற எவரும் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் தெற்கே ஆண்டலூசியாவுக்கு வந்து, கப்பலுக்குக் காத்திருந்து, கனாரித் தீவுகளில் தங்கித்தான் போக வேண்டியிருந்தது. ஆரம்பகாலக் குடியேறிகளில் ஆண்டலூசியர்களே பெரும்பங்கு, பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பங்கு இன்னும் அதிகம். குழந்தைகள் பேச்சு கற்றது அந்த அம்மாக்களிடம்தான். கப்பல்கள் வந்து நின்ற ஹவானா, கார்தஹேனா, வெராக்ருஸ் போன்ற துறைமுகங்களில் செவிய்யாவின் காற்று தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தது. மலைமேல் இருந்த மெக்ஸிகோ நகரத்திலும், பெருவின் தலைநகர் லிமாவிலும் அரசப் பிரதிநிதி, நீதிமன்றம், 1551இலேயே பல்கலைக்கழகம் என்று இருந்ததால் ஸ்பெயின் தலைநகரத்து மோஸ்தர் அங்கே செல்லுபடியானது, "ஸ்" நின்றது. உங்கள் வகுப்பில் சோம்பல் என்று சொல்கிற அந்த உச்சரிப்பு, கப்பல் போன வழியில் கரையெல்லாம் ஒட்டிக்கொண்டு போன ஒன்று. இன்னொன்றும் சேர்ந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கார்தஹேனா வழியாகத்தான் ஏராளமாக இறக்கப்பட்டார்கள். அவர்களில் தப்பி ஓடியவர்கள் அமைத்த சான் பசீலியோ தெ பலெங்கே ஊரில் ஸ்பானிஷும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த தனி மொழியே இன்றும் பேசப்படுகிறது. இத்தனையும் ஒரு பேச்சுக்குள் இருக்கும்போது அதை அரைகுறை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வாயாதோலித்துக்கு வருவோம். அது அழகான, தெளிவான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் சுத்தம் என்பது எந்தக் கணக்கில்? "அவளிடம் சொன்னேன்" என்பதற்கு இலக்கணப்படி "லே திஹே" என்று வரவேண்டும். வாயாதோலித்தில் பலர் "லா திஹே" என்பார்கள். 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் மொழிக்கழகம் இதைத் தவறு என்றுதான் சொல்கிறது. கரீபியக் கரையில் "லே" இருக்க வேண்டிய இடத்தில் "லே"தான் இருக்கும். நீங்கள் வாயாதோலித் மாதிரியே பேசிப் பழகுங்கள், அது உங்களுக்குப் பிடித்திருந்தால். சுத்தம் என்பதற்காக வேண்டாம்.

கேள்வி: முன்னொரு காலத்தில் ஒரு ஸ்பானிஷ் ராஜாவுக்கு நாக்குத் தெத்தலாம், அவரைப் பார்த்து அரசவையே அப்படிப் பேச ஆரம்பித்து, அதனால்தான் ஸ்பெயினில் "ஸ" வரவேண்டிய இடத்தில் "த" மாதிரி வருகிறதாம். உண்மையா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

பதில்: இல்லை ஐயா, கட்டுக்கதை. தெத்தலாக இருந்தால் எல்லா "ஸ"வும் மாறியிருக்க வேண்டும். வீட்டைக் குறிக்கும் "காசா" ஸ்பெயினிலும் நல்ல "ஸ"வோடுதான் இருக்கிறது. வேட்டையைக் குறிக்கும் சொல்லில்தான் நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வந்து, "காத்தா" என்பது போல் ஒலிக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றி இன்னொன்றை விட்டுவைக்கிற தெத்தல் கிடையாது. 14ஆம் நூற்றாண்டுக் காஸ்தீலிய அரசர் பெத்ரோவுக்கு அப்படி ஒரு பேச்சு இருந்ததாக அவர் காலத்து வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார், கதை அதிலிருந்து முளைத்திருக்கலாம். ஆனால் இந்த ஒலி மாற்றம் நடந்தது 16, 17ஆம் நூற்றாண்டுகளில், அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து.

நடந்தது இதுதான். பழைய ஸ்பானிஷில் "ஸ" ஒரு பக்கம், "த்ஸ" என்பது போன்ற இன்னொரு ஒலி ஒரு பக்கம் என்று இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் இருந்தன. வடக்கே அவை ஒன்றையொன்று விலகி, இரண்டாவது பல்லுக்கு நடுவே போனது. செவிய்யாவில் இரண்டும் ஒன்றாகி "ஸ" ஆனது. அதுதான் கப்பலேறியது. அதனால் அமெரிக்கக் கண்டத்தில் வேக வைப்பதும் தைப்பதும் ஒரே ஒலி, "கோசேர்". குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். சமைப்பதற்குப் பெரும்பாலும் "கோசினார்" என்று வேறு சொல்லைப் போட்டுக்கொள்கிறார்கள், பிரச்சினை தீர்ந்தது.

தனிப்பட்ட முறையில், அந்தப் பல்லிடைத் "த" எனக்குக் கவிதை வாசிப்பில் பிடிக்கும். பேச்சில் அவ்வளவாக ஒட்டவில்லை.

கேள்வி: என் கணவர் மெஸ்ஸி ரசிகர். பேட்டிகளை எல்லாம் போட்டுக் கேட்போம். எங்கே பார்த்தாலும் "ஷ" "ஷ" என்று பேசுகிறார், பாட்டு மாதிரி இழுக்கிறார், கேட்க அவ்வளவு இனிமை. அது இத்தாலியக் கலப்பா?
*இல்லத்தரசி, திண்டுக்கல்*

பதில்: உங்கள் காது கூர்மையான காது. பாதி சரி. அந்த இழுவை, ராகம் இருக்கிறதே, அது இத்தாலியர் கொடுத்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லட்சக்கணக்கான இத்தாலியர்கள் புவெனோஸ் அய்ரெஸில் வந்து இறங்கினார்கள். அந்த நகரத்தாரின் குரல் ஏற்ற இறக்கம் நேப்பிள்ஸ் நகரத்துக்காரர்களின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று ஒலியியல் ஆராய்ச்சியாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். சொற்களும் வந்தன: வேலைக்கு "லபூரோ", போய்வருகிறேன் என்பதற்கு "சாவ்".

ஆனால் "ஷ" இத்தாலியிலிருந்து வரவில்லை. மற்ற ஊர்களில் "ய" என்று வருவது அங்கே முதலில் தொண்டை அதிர்கிற ஒரு ஒலியாக, பிரெஞ்சுக்காரர்களின் "j" ஜாதியில், மாறியது. 20ஆம் நூற்றாண்டு போகப் போக அந்த அதிர்வு போய் "ஷ" ஆகிவிட்டது. வயதானவர்கள் சிலரிடம் இன்னும் பழைய அதிர்வு கேட்கும். என்னிடம் பேசிய தாத்தாக்களை அதை வைத்தே வயது கணிப்பேன். "நான்" என்பது மெக்ஸிகோவில் "யோ", அங்கே "ஷோ". என் பெயர் இன்னது என்பதற்கு "ஷோ மே ஷாமோ".

மெஸ்ஸி அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் பிறந்தவர், 13 வயதில் பார்சலோனா போய் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தவர். இத்தனைக்குப் பிறகும் அந்த "ஷ" போகவில்லை. எனக்கு அவருடைய கோல்களை விட இது பெரிய விஷயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள், அவர் "நீ" என்பதற்குத் "தூ" சொல்ல மாட்டார், "வோஸ்" என்பார். "வோஸ் சோஸ்", "வோஸ் தெனேஸ்". வேறு நாட்டுக்காரர்கள் சிலர் இதைக் கொச்சை என்பார்கள். "வோஸ்" ஒரு காலத்தில் ஸ்பெயினில் மரியாதைச் சொல். அப்புறம் மதிப்பு இறங்கி, ஸ்பெயினில் வழக்கொழிந்தது. மெக்ஸிகோவும் லிமாவும் தலைநகரத்து மோஸ்தரைப் பார்த்து அதைக் கைவிட்டன, எட்டாத தூரத்தில் இருந்த அர்ஜென்டினாவும் மத்திய அமெரிக்காவும் வைத்துக்கொண்டன. நம்மிடம் நெல்லைப் பக்கத்தில் "நீர்" இன்னும் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிலி நாட்டு ஸ்பானிஷ்தான் உலகத்திலேயே மோசமாமே?
*வாசகர், சேலம்*

பதில்: அப்படிச் சிலிக்காரர்களே சொல்லிக்கொள்வார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஆறு வருடத்தில் எத்தனையோ பேர் அழைப்பைத் தொடங்கும்போதே, "மன்னிக்கணும், நான் சிலி, நாங்க சரியா பேச மாட்டோம்" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு நாட்டு மக்கள் தங்கள் அம்மா பேசிய பேச்சுக்கு இரவு இரண்டு மணிக்கு ஒரு அந்நியப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது என்னால் தாங்க முடியாத ஒன்று.

இதற்குப் பின்னால் பள்ளிக்கூடமும் உண்டு. கரகாஸில் பிறந்து 1829இல் சிலிக்கு வந்த அந்த்ரேஸ் பேயோ பெரிய அறிஞர், சிலிப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர், 1847இல் அவர் எழுதிய இலக்கணம் அமெரிக்கக் கண்டத்தவருக்காகவே எழுதப்பட்டது. அவரை மதிக்கிறேன். ஆனால் அவர் சிலி மக்களின் "வோஸ்" பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார், பள்ளிகள் அதை அடித்துத் துரத்தின. என்ன ஆயிற்று? "வோஸ்" என்ற சொல் பின்வாசலுக்குப் போனது, வினையின் வால் மட்டும் தங்கிவிட்டது. "எப்படி இருக்கே" என்பதற்கு "கோமோ எஸ்தாய்", "புரியுதா" என்பதற்கு "கச்சாய்". அந்த "ஆய்", பழைய "ஆய்ஸ்" விகுதி கடைசி "ஸ்"ஸை இழந்து நிற்கிற வடிவம். கூடவே வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு "போ": "சீ போ", "நோ போ". "ஆமாங்கறேன்", "இல்லைங்கறேன்" என்ற தொனி. கேபிரியேலா மிஸ்திராலும் பாப்லோ நெரூதாவும் பிறந்த நாட்டில் இரண்டு நோபல் இலக்கியப் பரிசு, 1945, 1971. மோசமான ஸ்பானிஷா அது?

கஷ்டம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். எனக்கே ஒரு வருடம் பிடித்தது.

கேள்வி: தமிழ் மாதிரி கேட்கிற ஸ்பானிஷ் ஏதாவது உண்டா?
*மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி*

பதில்: அருமையான கேள்வி. ஒலியில் பார்த்தால் எல்லா ஸ்பானிஷுமே நம் நாக்குக்குக் கொஞ்சம் சொந்தம். ஸ்பானிஷ் "த" நம் "த" போலவே பல்லில் பட்டு வரும். "அது" என்று சொல்லும்போது த மெலிகிறதே, அதே மெலிவு ஒன்றுமில்லை என்கிற "நாதா"வில் இருக்கிறது. "ஞ" இருக்கிறது, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அதற்குத் தடுமாறுவார்கள். ர, ற வித்தியாசத்தை இன்னும் விடாத குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு "ஆனால்" என்கிற "பெரோ"வும், நாய் என்கிற "பெற்றோ" போன்ற அந்த அழுத்தமான ஒலியும் சுலபமாக வரும்.

ஆனால் ஒலியை விடுங்கள். எனக்கு ஒரு நாள் மயிர்க்கூச்செறிந்தது ஈக்வடோர் மலைப்பகுதியிலிருந்து வந்த ஒரு அழைப்பில். பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் பக்கத்தில் யாரிடமோ "தாமே செர்ராந்தோ லா புவெர்தா" என்றார். சொல்லுக்குச் சொல் எடுத்தால், "எனக்குக் கொடு, சாத்தி, கதவை". அதாவது நம் "கதவைக் கொஞ்சம் சாத்திக் குடு"! ஸ்பெயினில் இப்படி யாரும் சொல்ல மாட்டார்கள், "கதவைச் சாத்து" என்று நேராகச் சொல்வார்கள், அல்லது "சாத்த முடியுமா" என்பார்கள். அந்த மலைப்பகுதிப் பூர்வகுடிகளின் கிச்சுவா மொழியில் எச்சவினையோடு "கொடு" சேர்த்தால் அது பணிவான வேண்டுகோள். அங்கிருந்து ஸ்பானிஷுக்குள் வந்திருக்கிறது. அண்டார்டிகா பக்கம் வரை நீண்டு கிடக்கிற ஒரு மலைத்தொடரில், ஒருவர் தன் வீட்டாரிடம் என் அம்மா கேட்கிற மாதிரியே கதவைச் சாத்தித் தரச் சொல்கிறார். அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன்.

அந்த மலைப்பேச்சில் "ஸ்" கெட்டியாக இருக்கும், குரல் தாழ்ந்து மென்மையாக வரும். என் பட்டியலில் அதற்குத்தான் இரண்டாம் இடம்.

கேள்வி: தொடக்க நிலையில் இருப்பவருக்கு எந்த நாட்டு ஸ்பானிஷ் சுலபமாகப் புரியும்? என் தோழி பொகோதா என்கிறாள்.
*மென்பொருள் ஊழியர், பெங்களூரு*

பதில்: பொகோதா, லிமா, மெக்ஸிகோ நகரம், இந்த மூன்றில் எதுவும் சரி. மூன்றிலும் "ஸ்" பெரும்பாலும் முழுதாக வரும், சொற்களின் ஓரம் தெளிவாக இருக்கும்.

பொகோதா தன் பேச்சைப் பற்றிப் பெருமைப்படுகிற நகரம். அமெரிக்கக் கண்டத்தின் முதல் ஸ்பானிஷ் மொழிக்கழகம் 1871இல் அங்கேதான் தொடங்கியது. மொழியறிஞர் ருஃபீனோ ஹோசே குவெர்வோ அந்த ஊர்க்காரர், அவர் பெயரையும் சேர்த்து வைத்த காரோ இ குவெர்வோ ஆய்வு நிறுவனம் இன்றும் இருக்கிறது. ஆனால் எனக்குப் பொகோதாவைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. அங்கே வீட்டுக்குள்ளேயே "உஸ்தேத்" போட்டுப் பேசுவார்கள். அது "நீங்கள்". தம்பதிகள் தங்களுக்குள், அம்மா பிள்ளையிடம். கொங்குப் பக்கத்தில் குழந்தையை "வாங்க, சாப்பிடுங்க" என்பார்களே, அந்தக் குளிர்ச்சி. பக்கத்தில் பொயகா மாகாணத்தில் "சுமெர்சே" என்பார்கள், "தங்கள் கருணை" என்ற பழைய சொற்றொடர் உருகி இப்படி ஆகியிருக்கிறது. "சுமெர்சே, கொஞ்சம் பொறுங்க" என்று ஒருவர் சொன்னால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பொறுக்கலாம்.

மெக்ஸிகோவில் மெய்யெழுத்து பலமாகவும் உயிரெழுத்து மெலிந்தும் போகும். "புவெஸ்" என்பது வெறும் "ப்ஸ்" என்று சுருங்கிவிடும். சரியாகக் கேட்காவிட்டால் "என்ன" என்று கேட்காமல் "மாந்தே?" என்பார்கள், "உத்தரவிடுங்கள்" என்று பொருள். "அஹோரீதா" என்ற சொல்லை மட்டும் கவனமாகக் கேளுங்கள். அகராதியில் "இப்போதே", வழக்கத்தில் அது ஐந்து நிமிடமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம். சுமார் 13 கோடி மக்களோடு ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் மிகப் பெரியது அதுதான் என்பதால், பழகுவது வீண்போகாது.

கேள்வி: என் பேரன் ஸ்பானிஷ் கார்ட்டூன் பார்த்தே நிறையப் பேசுகிறான். அது எந்த ஊர் ஸ்பானிஷ்?
*தாத்தா, தஞ்சாவூர்*

பதில்: பெரும்பாலும் எந்த ஊரும் இல்லை ஐயா. பல நாடுகளுக்கும் பொதுவாக டப்பிங் செய்வதற்கென்றே உருவான பேச்சு அது, "நடுநிலை ஸ்பானிஷ்" என்பார்கள். மெக்ஸிகோவின் டப்பிங் கூடங்கள்தான் அதில் பெரும்பங்கு செய்தவை. ராகம் இல்லாமல், ஊர்ச் சொல் இல்லாமல் துடைத்து வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்ள ரொம்ப நல்லது. ஆனால் எந்தக் குழந்தைக்கும் அந்தப் பேச்சில் அதட்டு விழுந்திருக்காது, தாலாட்டும் கேட்டிருக்காது. பேரன் கொஞ்சம் வளர்ந்ததும் ஏதாவது ஒரு ஊர் வானொலியைப் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: தேர்வுக்கு எந்த ஸ்லாங்கில் பேசினால் மதிப்பெண் கிடைக்கும்?
*மாணவர், மதுரை*

பதில்: எதிலும். செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் தேலே தேர்வில் அமெரிக்கக் கண்ட உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. 2016இல் வந்த சியேலே தேர்வை அவர்களோடு மெக்ஸிகோ, சலமாங்கா, புவெனோஸ் அய்ரெஸ் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துகின்றன, கேட்கும் பகுதியில் பல நாட்டுக் குரல்கள் வரும். ஒரு வாக்கியம் மாத்ரித், அடுத்த வாக்கியம் அர்ஜென்டினா என்று தாவாதீர்கள், அது மட்டும்தான். "வோசோத்ரோஸ்", அதாவது ஸ்பெயினில் நண்பர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிற "நீங்கள்", அமெரிக்கக் கண்டத்தில் பேச்சில் கிடையாது. படித்தால் புரியும் அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: நான் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறேன். புவெர்தோ ரீக்கோ, தொமினிக்கன் துறைமுகங்களில் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. "ர" எல்லாம் "ல" ஆகிவிடுகிறது. இதையுமா உங்களுக்குப் பிடிக்கும்?
*கப்பல் பணியாளர், தூத்துக்குடி*

பதில்: இதுதான் அண்ணா எனக்கு ரொம்பப் பிடிக்கும்! கதவு என்கிற "புவெர்தா"வை எடுத்துக்கொள்ளுங்கள். புவெர்தோ ரீக்கோவில் "புவெல்தா". தொமினிக்கன் குடியரசின் வடக்கே சிபாவோ பகுதியில் "புவெய்தா", தயவுசெய்து என்பதற்கும் "போய் ஃபவோய்". கூபாவில் பலர் வாயில் அந்த "ர்" அடுத்த எழுத்திலேயே கரைந்து "புவெத்தா". பக்கத்துப் பக்கத்துத் தீவுகள், ஒரே ஒரு "ர்", மூன்று கதவு. புவெர்தோ ரீக்கோவில் வண்டி என்கிற "கார்ரோ"வை "காஹோ" என்று தொண்டையில் சொல்கிறவர்களும் உண்டு. முன்பெல்லாம் இதைக் கேட்டு மற்ற நாட்டார் சிரிப்பார்கள். இன்று பேட் பன்னி அந்தப் பேச்சை ஒரு துளி கூடத் துடைக்காமல் பாடுகிறார், உலகம் முழுக்க இளைஞர்கள் அதையே திருப்பிப் பாடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

துறைமுகத்தில் உங்களுக்கு உதவுவதற்கு ஒன்று சொல்கிறேன். ஒருமையா பன்மையா என்று சொல்லின் கடைசியில் தேடாதீர்கள், அங்கே "ஸ்" இருக்காது. முன்னால் தேடுங்கள். "எல்" என்றால் ஒன்று, "லோ" என்றால் பல. பேருந்தைக் "குவாகுவா" என்பார்கள், கனாரித் தீவுகளிலும் அதே சொல்தான். சிலிக்குப் போனால் "குவாகுவா" கைக்குழந்தை.

கேள்வி: ஸ்பெயினுக்குள்ளேயே உச்சரிப்பு வைத்து ஏளனம் உண்டா? நான் கேட்பது ஒரு காரணத்தோடுதான். என் பேச்சை வைத்து அலுவலகத்தில் கிண்டல் செய்கிறார்கள்.
*பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்*

பதில்: உண்டு, பழைய ஏளனம். ஆண்டலூசியப் பேச்சு என்றால் சினிமாவிலும் டிவியிலும் வெகுகாலம் வேலைக்காரப் பாத்திரமும் கோமாளிப் பாத்திரமும்தான். அந்தப் பேச்சில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது தெரியுமா? கிரனாதா பக்கம் பன்மையின் "ஸ்" விழுந்ததும் அதற்கு முன்னால் இருந்த உயிரெழுத்தை வாய் திறந்து அகலமாகச் சொல்கிறார்கள். வீடு என்பதற்கும் வீடுகள் என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வாய் திறப்பில்தான் இருக்கிறது. காது பழகாதவருக்கு அது கேட்காது, அவ்வளவுதான்.

காஸ்தீலிய மொழிக்கு, அதாவது ஸ்பானிஷுக்கு, முதல் இலக்கணம் எழுதியவர் அந்தோனியோ தெ நெப்ரீஹா, ஆண்டு 1492. அவர் பிறந்தது செவிய்யா பக்கத்தில் லெப்ரீஹா என்ற ஊர். ஆண்டலூசியர். அடுத்த நூற்றாண்டில் ஹுவான் தெ வல்தேஸ் என்ற எழுத்தாளர் அவரை எப்படிக் குறை சொன்னார் என்றால், அவர் ஆண்டலூசியர், அங்கே மொழி அவ்வளவு சுத்தமில்லை என்று. மொழிக்கு இலக்கணம் வகுத்துக் கொடுத்தவருக்கே இந்தப் பேச்சு விழுந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிண்டல் செய்கிறவர்கள் முன்னால் பேச்சை மாற்றாதீர்கள், அதே பேச்சில், அதே வேகத்தில் பேசுங்கள். எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: இத்தனை சொல்கிறீர்கள், எங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஒரே வாக்கியத்தை வெவ்வேறு ஊர்ப் பேச்சில் தமிழில் எழுதிக் காட்டுங்களேன், வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறோம்.
*அக்கா தங்கை, விருதுநகர்*

பதில்: கண்டிப்பாக. "சதுக்கத்தில் மழை பெய்து முடிந்தது, குழந்தைகள் தெருவில் இருக்கிறார்கள்." இதுதான் வாக்கியம்.

மாத்ரித்: யா யோவியோ என் லா ப்ளாத்தா, இ லோஸ் நீஞோஸ் எஸ்தான் என் லா காயே. ப்ளாத்தாவில் மட்டும் நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வையுங்கள்.

லா பாஸ், பொலிவியா: யா ல்யோவியோ என் லா ப்ளாஸா, இ லோஸ் நீஞோஸ் எஸ்தான் என் லா கால்யே. "ல்ய" என்ற அந்தப் பழைய ஒலியை விடாமல் வைத்திருக்கும் சில இடங்களில் இது ஒன்று.

புவெனோஸ் அய்ரெஸ்: ஷா ஷோவியோ என் லா ப்ளாஸா, இ லோஹ் நீஞோஸ் எஹ்தான் என் லா காஷே. கடைசியில் கொஞ்சம் இழுத்து இறக்குங்கள்.

செவிய்யா: யா யோவியோ என் லா ப்ளாஸா, இ லோ நீஞோ எத்தான் என் லா காயே.

கார்தஹேனா, கொலம்பியா: யா யோவியோ என் லா ப்ளாஸா, இ லோ நீஞோ எஹ்தாங் என் லா காயே. அந்த "எஹ்தாங்"கில் "ஹ்" வருகிற இடத்தில் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கையில் மூச்சு படும்.